ஒரே பெயரில் இரண்டு பாட்டு

செசிலி வீட்டு அடுக்களை ஜன்னலில் டிரான்சிஸ்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். அவள் மண்சட்டியில் சாளை மீனை உரசிக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் முக்காலியில் உட்கார்ந்து உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், உரித்துக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து வரும் நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருந்தது.

அறிவிப்பாளர் வரிசையாகப் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். பிறகு, "தூத்துக்குடியிலிருந்து பாக்கியம் விரும்பிக் கேட்டிருக்கும் பாடல், ‘காத்திருக்கச் சொன்னாயே’" என்றார்.

பாக்கியம் நான்தான். என் கை உள்ளியிலேயே நின்றுவிட்டது. பாட்டுக்கு முன்னால் இசைத்தட்டில் முள் உரசும் சத்தம் வருமே, அது வந்தது. இரண்டு நொடி, மிஞ்சினால் மூன்று நொடி. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. பிள்ளை பெற்ற நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு சினிமாப் பாட்டுக்கா இத்தனை பாடு என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கறுப்பு வெள்ளையும் கலரும்

‘காத்திருக்கச் சொன்னாயே’ என்று தொடங்கும் பாட்டுகள் அப்போது இரண்டு இருந்தன. ஒன்று பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வந்தது. காதலி வேறொருவனுக்கு மாலையிடப் போகிறாள் என்று தெரிந்து கதாநாயகன் ஒற்றைப் புல்லாங்குழலோடு பாடுவது. இன்னொன்று புதுக் கலர் படத்தில் வந்தது. காத்திருக்கச் சொன்னவன் வந்துவிட்டான் என்று இரண்டு பேரும் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பாடுவது. அது பாங்கோஸ் அடியோடு தொடங்கும்.

படங்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாட்டை விட்டுவிட்டு, அந்தப் படத்தை எந்தத் தியேட்டரில் எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். போன வாரம் எங்கள் ஆபீஸ் டைப்ரைட்டரைப் பற்றி எழுதியதற்கே, அது எந்த மாடல் என்று சண்டை பிடித்துப் பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள்.

ஒரே பெயரில் இரண்டு பாட்டு வருவது நம் சினிமாவில் பெரிய அதிசயமில்லை. காதலிக்கிறவர்கள் பேசுவதற்கு எவ்வளவு வார்த்தைதான் இருக்கிறது? நிலா, பூ, தென்றல், வா, போ, மறக்காதே. இதற்குள்ளேயேதான் எல்லாரும் புரளவேண்டும். முதல் வரி ஒன்றாக அமைந்துவிட்டால் பாட்டின் பெயரும் ஒன்றாகிவிடும். அதனால்தான் நேயர் விருப்பத்துக்கு எழுதுகிறவர்கள் பாட்டுக்குப் பக்கத்தில் படத்தின் பெயரையும் எழுதுவார்கள்.

எனக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். எங்கள் அப்பா பனங்காட்டுப் பக்கத்து ஊரிலிருந்து வந்து தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்தவர். கடையில் ரேடியோ காலையில் திறந்தால் ராத்திரிதான் மூடும். எந்தப் பாட்டு, எந்தப் படம், பாடியது யார், இசைத்தட்டில் அதற்கு மறுபக்கம் என்ன பாட்டு என்பது வரை என்னைக் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் இந்த ஞாபகம் இருந்திருந்தால் கலெக்டராகியிருப்பேன் என்று அம்மா திட்டுவாள்.

பேச்சிமுத்து அண்ணாச்சி பட்ட பாடு

படத்தின் பெயரை எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருந்தவர் பேச்சிமுத்து அண்ணாச்சி. மச்சினன் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லி, ‘காத்திருக்கச் சொன்னாயே’ வேண்டும் என்று கொழும்புக்குக் கார்டு போட்டார். படத்தின் பெயரை எழுதவில்லை. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் அந்தப் பெயரில் ஒரு பாட்டுத்தான், அது கலர் படப் பாட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடை வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. மறுவீட்டுக்கு வந்திருந்த பெண்ணையும் மாப்பிள்ளையையும் முன்னால் பெஞ்சில் உட்கார்த்தியிருந்தார். பெயர்களையெல்லாம் வாசித்து, "மணமக்களை வாழ்த்தி" என்று சொல்லி, புல்லாங்குழலைப் போட்டுவிட்டார்கள். நீ வேறொருவன் மனைவியாகப் போகிறாய் என்று பாட்டு முழுக்க அழுகை. புதுப்பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சி ரேடியோவை அணைக்கவும் முடியாமல், கேட்கவும் முடியாமல் பாய்லரையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் கடையில் செய்தி மட்டும்தான்.

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நாங்கள் என்றால் நானும் செசிலியும்.

பக்கத்து மேசை

செசிலியும் நானும் பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் டைப்பிஸ்டுகள். பக்கத்துப் பக்கத்து மேசை. ஐந்து வருஷம். அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. காலையில் சேர்ந்து போவோம், சாயங்காலம் சேர்ந்து வருவோம். ஆபீஸுக்குப் பின்னால் சங்கு குவித்துவைக்கும் கிட்டங்கி. காற்று திரும்பினால் கிட்டங்கி வாடையில் கண் எரியும். அவள் தன் கைக்குட்டையில் யூடிகோலன் விட்டுப் பாதியை எனக்குக் கிழித்துக் கொடுப்பாள். எனக்கு வேறு சிநேகிதி கிடையாது. வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அவளுக்குச் சேவியரைப் பிடித்துப்போயிருந்தது. மணப்பாட்டுக்காரன். கொழும்புக்கு வெங்காயமும் வத்தலும் கருவாடும் ஏற்றிப்போகும் தோணியில் வேலை. பாய் கட்டி ஓடுகிற மரத்தோணி. போனால் வர ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும்; காற்றும் சரக்கும் ஒத்துவர வேண்டும். ஆள் கறுப்பு, நல்ல உயரம், சிரித்தால் ஒரு பல் மேல் ஒரு பல் ஏறியிருப்பது தெரியும். கொஞ்சம் அலட்டல். ஆனால் நல்லவன்.

செசிலியின் அப்பா தொம்மை மாமா பழைய துறைமுகத்தில் மேஸ்திரி. தோணிக்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அவர் தம்பி தோணியோடு போனவர், திரும்பவில்லை. அதனால் அவரைக் குறைசொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் சேவியர் கொழும்புக்குக் கிளம்பினான். முந்தின நாள் சாயங்காலம் பீச்சில் மூன்று பேரும் நின்றோம். மூன்றாவது ஆளாக நான் நின்றால்தான் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு உறுத்தாது. அவனுக்குக் கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் நிலையான வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெண் கிடைக்காது என்றால் அங்கேயே தங்கிவிட நினைத்திருந்தான்.

"ஒங்க அப்பாவுக்கு மனசு மாறிச்சுன்னா நேயர் விருப்பத்துல கலர் படத்துப் பாட்டக் கேளு. எங்க கெடந்தாலும் ஞாயித்துக்கெழம ரேடியோ கேப்பேன். அடுத்த தோணியில வந்துருதேன்" என்றான். "மாறலன்னா பழைய பாட்டக் கேட்டு எழுது. அதக் கேட்டேன்னா நான் அங்கனயே இருந்துக்கிடுதேன். ஒனக்கும் தொந்தரவு இல்ல."

இரண்டுக்கும் ஒரே பெயர்தான். அதனால் தெருவில் யார் கேட்டாலும் ஒன்றும் விளங்காது என்பது அவன் கணக்கு. பெரிய மூளைக்காரன் என்ற நினைப்பில் அவன் என்னைப் பார்த்து வேறு சிரித்தான்.

எழுதமாட்டேன் என்ற சத்தியம்

கிறிஸ்மஸ் கழிந்த வாரம் தொம்மை மாமா இளகிவிட்டார். மகள் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சும்மா அளைவதை எத்தனை நாள்தான் பார்ப்பார்? ஆனால் கோயில் மணி மாதிரி மூன்று தடவை தெளிவாகச் சொன்னார் என்று செசிலி என்னிடம் சொன்னாள்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் விரதமான தவசு காலம் தொடங்குமுன்னே அவன் தாயைக் கூட்டிக்கொண்டு தானாக வந்து கேட்டால் பெண்ணைக் கொடுப்பார். அது தொடங்குகிற விபூதிப் புதனுக்குள் வராவிட்டால், புன்னைக்காயலில் பேசிவைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். பெண் வீட்டிலிருந்து யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது. செசிலி அவனுக்கு ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. வீட்டு மாதா சுரூபத்தின் முன்னால் அவளைச் சத்தியம் பண்ணவைத்துவிட்டார்.

செசிலி சத்தியத்துக்குப் பயந்தவள். ரேடியோவுக்குக் கார்டு போடுவது அவனுக்கு எழுதுவது ஆகாது என்று நான் வாதாடினேன். அவள் ஒத்துக்கொண்டாள், ஆனால் பேனாவைத் தொடமாட்டேன் என்றாள். "நீயே எழுதுளா. ஒம் பேரையே போடு. நான் கை வைக்க மாட்டேன்" என்றாள்.

அப்படித்தான் அந்தக் கார்டு என் கைக்கு வந்தது.

நான் எழுதியதும் எழுதாததும்

இனிமேல் எழுதப்போவதை இந்தத் தொடரில் சேர்க்கவேண்டுமா என்று பல நாள் யோசித்தேன்.

அந்த மாதம்தான் என்னை மூன்றாவது முறையாகப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் நிறம் போதாது என்றார்கள். இரண்டாவது வந்தவர்கள் ஜாதகம் என்றார்கள். மூன்றாவது வந்தவர்கள் இரண்டு தட்டு அல்வாவும் சாப்பிட்டுவிட்டு ஒரு பதிலும் சொல்லவில்லை. இதற்கு நடுவில் செசிலி தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, மணப்பாட்டில் கடலைப் பார்த்த வீடு, மாடியில் ஒரு அறை, நீ வந்தால் அதில்தான் தங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே டைப் அடிப்பாள். அவள் கல்யாணமாகிப் போய்விட்டால் அந்த மேசையில் யார் உட்காருவார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பேன். எனக்கு அழுகை வரும். அழுகைக்கு அடியில் பொறாமையும் இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்ல இந்த வயதில் எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

கார்டில் என் பெயரை எழுதினேன், ஊரை எழுதினேன். பாடல், ‘காத்திருக்கச் சொன்னாயே’ என்று எழுதினேன். படத்தின் பெயரை எழுதவேண்டிய இடத்தில் பேனாவை மூடினேன்.

மறக்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் மூடினேன். நானாகப் பழைய படத்தின் பெயரை எழுதிக் கெடுக்கவில்லையே, வருவது வரட்டும், கடவுள் எந்தத் தட்டைப் போடுகிறாரோ போடட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேச்சிமுத்து அண்ணாச்சிக்குக் கடவுள் எந்தத் தட்டைப் போட்டார் என்பதும் அப்போது ஞாபகம் வந்தது.

மறுநாள் மத்தியானம் ஆபீஸில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. கப்பல் கிளம்புமுன் பில் ஆஃப் லேடிங் எல்லாம் அடித்துத் தரவேண்டும். கார்டை செசிலியிடம் கொடுத்து, தபாலாபீஸில் ஸ்டாம்பு வாங்கி ஒட்டிப் போட்டுவிடச் சொன்னேன். அவள் வாங்கிப் பார்த்தாள். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றாள். அரைமணி நேரத்தில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து தன் மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். அவள் கவனிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகள்

முதல் ஞாயிறு பாட்டு வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. நடுவில் நான் சரியாகத் தூங்கவில்லை. செசிலி சாப்பிட ஆரம்பித்திருந்தாள், கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தபாலாபீஸ் போய் இன்னொரு கார்டு வாங்கினேன். படத்தின் பெயரோடு முழுதாக எழுதி அனுப்பிவிடுவது என்று வாங்கியதுதான். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே எட்டு நாள் ஆபீஸுக்குப் போய்வந்தேன். அனுப்பவில்லை. இப்போது அனுப்பினாலும் நேரத்துக்குப் போய்ச் சேராது என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டேன், இரண்டு கார்டு போனால் சந்தேகம் வரும் என்று இன்னொரு நாள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறுதான் நான் முதலில் சொன்ன ஞாயிறு. என் பெயரைச் சொன்னார்கள், பாட்டின் பெயரைச் சொன்னார்கள், முள் உரசியது. புல்லாங்குழல் வந்தால் சேவியர் திரும்பமாட்டான். என் சிநேகிதி பிடிக்காத ஒருவனுக்கு மனைவியாகிப் புன்னைக்காயலுக்குப் போவாள். அது என் கைவேலை.

பாங்கோஸ் அடித்தது.

கலர் படப் பாட்டு. எனக்குக் கண்ணீர் வந்தது. நல்லவேளை, கையில் உள்ளி இருந்தது. அப்பாடா என்று மனம் இறங்கிய அதே நேரத்தில், ஓரத்தில் ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது. அந்த ஏமாற்றத்துக்காகத்தான் நான் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

செசிலி துள்ளவில்லை, அழவில்லை. மீனைத் திருப்பிப் போட்டு உரசிக்கொண்டே பாட்டை முழுசாகக் கேட்டாள். என்ன தைரியம் இவளுக்கு என்று நினைத்தேன். எங்கள் வீட்டில்தான் கலவரம். எவனுக்காகக் காத்திருக்கிறாய் என்று அப்பா கடையை விட்டுவிட்டு வந்து கேட்டார். சும்மா பாட்டுப் பிடிக்கும் என்று சொன்னேன். அடுத்த மாதமே எனக்கு நாலாவது இடம் பார்த்துவிட்டார். அந்தக் கல்யாணம்தான் நடந்தது என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

சேவியர் பத்தாம் நாள் வந்து இறங்கினான். கொழும்புத் துறையில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த பக்கத்துத் தோணியை ஓட்டும் தண்டலின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஏறி வந்தானாம். மணப்பாடு போய்த் தாயைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டான். தொம்மை மாமா உள்ளே திரும்பிக் காபி போடச் சொன்னார்.

ஈஸ்டர் முடிந்து மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று பங்குச்சாமி வாசிப்பார். முதல் ஞாயிறு செசிலி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். முக்காடு போட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தடை என்ற சொல் வந்ததும், சாமி என்னைத்தான் பார்க்கிறார் என்று தோன்றித் தலையைக் குனிந்துகொண்டேன்.

மணப்பாட்டு மாடியறை

இத்தனை வருஷத்தில் அந்த மாடியறையில் எத்தனையோ தடவை தங்கியிருக்கிறேன். என் முதல் பிள்ளைக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பதினைந்து நாள் கூட இருந்து பார்த்தவள் செசிலி. ஒவ்வொரு தடவை போகும்போதும் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று போவேன், சொல்லாமல் திரும்புவேன்.

இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் அவளிடம் சொல்லியாகவேண்டும். பத்திரிகையில் படித்து அவள் தெரிந்துகொள்வதைவிடக் கேவலம் வேறில்லை. போன மாதம் பஸ் ஏறிப் போனேன். சேவியர் வாசலுக்கு வந்து என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வழக்கம்போல் கடற்கரைக்குப் போய்விட்டார். செசிலி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, பேனா, கைப்பையில் கிடந்த இரண்டாவது கார்டு, ஏமாற்றம் வரை.

அவள் சீவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"நீ தந்த கார்டுல படத்துப் பேரு இல்லன்னு தெரியும். ஆபீஸ்லயே பாத்தேன். தபாலாபீஸ்ல சணல் போட்டுப் பேனா கட்டிப் போட்டுருப்பாம்லா, அத எடுத்து நான்தான் எழுதுனேன்."

சத்தியம் பண்ணியிருந்தாயே என்றேன்.

"பண்ணிருந்தேன். சனிக்கிழம கோயிலுக்குப் போயிச் சாமிகிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செஞ்சேன். அவரு செபமாலய எடுத்து அம்பத்திமூணு மணி செபம் சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேன்."

நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா என்று கேட்டேன். அப்படி நினைத்திருக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேதான் கேட்டேன்.

"நீயா? ரெக்கார்டுக்கு மறுபக்கம் என்ன பாட்டுன்னு சொல்லுத ஆளு நீ." இப்போதுதான் அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு ரோட்டுல நின்னு அழுதுட்டுத்தான் ஆபீஸுக்கு வந்தேன். ஒங்கூடப் பேசவே கூடாதுன்னு நெனச்சேன். வந்து பாத்தா, நீ மிஷின்ல தலயக் குனிஞ்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டிருக்க. முகத்தப் பாக்கவே முடியல. அப்புறம் எங்க கேக்க?"

அப்புறமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, இத்தனை வருஷமாக ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா நீ என் கல்யாணத்துக்கு வந்திருப்பியாளா?"

வந்திருக்கமாட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலேயே நடந்திருக்கமாட்டேன். அவளுக்கும் அது தெரியும்.

"எனக்கு அவரும் வேணும், நீயும் வேணும். அதான் கேக்கல" என்று சொல்லிவிட்டு வாழைக்காயைத் தண்ணீரில் போட்டாள். நான் அவள் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கையை எடுக்கவில்லை.